மடித்த இடம் வெளியே தெரியாமல் மெஷினில் ஹெம்மிங்

நல்ல ஃபார்மல் பேண்ட் ஒன்றை எடுத்து, கால் ஓரத்தை வெளிப்பக்கமாகப் பாருங்கள். தையல் போட்ட தடமே இருக்காது. அதையே உள்பக்கம் திருப்பினால் ஒன்றரை அங்குலத்துக்குத் துணி மேலே மடிந்து, மடிப்பின் ஓரம் முழுக்க நூல் ஓடியிருக்கும். உள்ளே அவ்வளவு தையல் இருந்தும் வெளியே ஏன் ஒன்றும் தெரிவதில்லை என்று யோசித்தவர்களுக்கும், அதை வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

தையல் கடைகளில் இதைப் பொதுவாக ஹெம்மிங் என்று சொல்லிவிடுவார்கள். மெஷினோடு வரும் கையேட்டில் பிளைண்ட் ஹெம் என்று போட்டிருக்கும். கையால் ஹெம்மிங் போடத் தெரிந்தவர்களுக்கு இது பாதி பழக்கப்பட்ட விஷயம்தான். உள்மடிப்பில் ஊசியை நன்றாக ஓடவிட்டு, மேல்துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் எடுத்துக்கொண்டு போவதுதானே கைவேலை? ஊசியை இடவலமாக நகர்த்தி ஜிக்ஜாக் போடும் வீட்டு மெஷினும் அதையே செய்யும். தைக்கச் சில நிமிடம் போதும். மடித்து இஸ்திரி போடத்தான் நேரம் பிடிக்கும், அந்த நேரத்தைக் குறைக்கவும் கூடாது.

புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஃபுட்டை (ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) மாற்றுவதிலும் டயலைத் திருப்புவதிலும்தான் கவனமாக இருக்கிறார்கள். துணி எந்த நிலையில் ஊசிக்குக் கீழே போகிறது என்பது மனதில் பதிவதற்குள் பெடலை மிதித்துவிடுகிறார்கள். இந்தத் தையலின் சூட்சுமம் முழுவதும் மடிப்பில்தான் இருக்கிறது. மடிப்பு புரிந்துவிட்டால் எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஆகவே துணியை எடுப்பதற்கு முன் ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் ஒரு தடவை

பழைய மாதக் காலண்டர் தாள் இதற்கு நன்றாக இருக்கும். ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. அச்சுப் பக்கத்தைத் துணியின் நல்ல பக்கம் என்றும், வெள்ளைப் பக்கத்தை உள்பக்கம் என்றும் வைத்துக்கொள்வோம்.

வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி தாளை மேஜையில் வையுங்கள். வலது ஓரத்தை இரண்டு அங்குலம் இடப்பக்கமாக மடித்து நகத்தால் அழுத்துங்கள். மடித்து வந்த பட்டியில் அச்சு தெரியும். இதுவரை எல்லோருக்கும் தெரிந்த சாதாரண மடிப்புதான். இந்த நிலையிலேயே பட்டியின் ஓரத்தில் நேர்த்தையல் ஓட்டினால் அது இரண்டு அடுக்கையும் துளைத்து, வெளியே ஒரு கோடாகத் தெரியும். சட்டையின் கீழ் ஓரத்தில் நாம் பார்ப்பது அந்தக் கோடுதான்.

இப்போது இரண்டாவது மடிப்பு. மடித்த பட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, தாளுக்கு அடியில் போகும்படி மொத்தமாகத் திருப்புங்கள். பட்டியின் வெட்டு ஓரத்தை மட்டும் மடக்காமல் விட்டால், அது கால் அங்குலம் வலப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் இடப்பக்கம் பெரிய தாள், அது முடியும் இடத்தில் ஒரு மடிப்பு முனை, அதற்கு வலப்பக்கம் கால் அங்குல ஓரம். மூன்றும் வெள்ளையாகவே தெரிய வேண்டும். எங்காவது அச்சு எட்டிப் பார்த்தால் மடிப்பு தலைகீழாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஓவர்லாக் செய்த (வெட்டு ஓரம் பிரியாமல் நூலால் சுற்றித் தைத்த) துணிக்கும் இதே சோதனைதான்: ஊசிக்குக் கீழே வைக்கும்போது மேலே தெரிவதெல்லாம் உள்பக்கமாக இருக்க வேண்டும்.

அடுத்து ஒரு குண்டூசி எடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கால் அங்குல ஓரத்தில் நாலைந்து குத்து குத்துங்கள். பிறகு இடப்பக்கம் நகர்ந்து, மடிப்பு முனையிலிருந்து 1 மி.மீ. மட்டும் உள்ளே தள்ளி, எல்லா அடுக்கும் துளையும்படி ஒரே ஒரு குத்து. தாளை விரித்து அச்சுப் பக்கத்தைப் பாருங்கள். முதலில் குத்திய நாலைந்து துளையும் பட்டியில் இருக்கின்றன. துணியில் அது உள்ளே மறைந்துவிடும் பகுதி. வெளியே தெரியும் பரப்பில் இருப்பவை இரண்டே இரண்டு துளைகள், அதுவும் 2 மி.மீ. இடைவெளியில்.

அந்த இரண்டு துளைகளில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. மடிப்பு முனையில் ஊசி எவ்வளவு உள்ளே குத்துகிறதோ, விரித்த பிறகு வெளியே அதைப் போல இரண்டு மடங்கு நூல் தெரியும். அரை மி.மீ. குத்தினால் ஒரு மி.மீ. தெரியும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். 3 மி.மீ. குத்தினால் 6 மி.மீ. நீளத்துக்கு வரிசையாகக் கோடுகள் நிற்கும், நாலடி தள்ளி நின்றாலும் தெரியும். "கிட்டத்தட்டத் தெரியாது" என்று இந்தத் தையலைச் சொல்வதற்கும் காரணம் இதுதான். மேல்துணியை ஊசி தொட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பட்டி நிற்காது. எவ்வளவு குறைவாகத் தொடுகிறது என்பதில்தான் கைவண்ணம்.

மெஷின் போடும் தையல்

காகிதத்தில் குண்டூசியால் குத்திய அதே வரிசையில்தான் மெஷினும் தைக்கும். நாலைந்து நேர்த்தையல், பிறகு இடப்பக்கம் ஒரு தாவல், மறுபடி நாலைந்து நேர்த்தையல். டயலிலோ திரையிலோ இருக்கும் படங்களில், ஒரு நேர்க்கோடும் அதில் இடைவெளி விட்டு ஒரு பக்கம் கூர்முனையும் இருக்கும் படம் இதற்கானது. அதன் பக்கத்திலேயே நேர்க்கோட்டுக்குப் பதிலாகக் குட்டிக் குட்டி ஜிக்ஜாக் போட்ட படமும் இருக்கலாம். அது இழுபடும் துணிக்கு. டி-ஷர்ட் மாதிரிப் பின்னல் துணியில் நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும், அதனால் அந்த ஏற்பாடு.

ஊசி இடமும் வலமும் நகரும் மெஷினில்தான் இது முடியும். பல வீடுகளில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் கறுப்பு நிறக் கால் மெஷின், நேர்த்தையலுக்காகவே செய்யப்பட்டது. அதில் ஊசி மேலும் கீழும் மட்டுமே போகும். ஒரு காலத்தில் அந்த மாதிரி மெஷின்களுக்கென்று ஒரு இணைப்பு விற்றார்கள். ஊசி நகர முடியாது என்பதால், அந்த இணைப்பு துணியைப் பிடித்து இடவலமாக ஆட்டும். சிங்கர் விற்ற இணைப்பில் ஹெம்மிங் தையலுக்கென்றே தனி உலோகத் தகடு இருந்தது. இன்று அதைத் தேடி அலைவதைவிட, நேர்த்தையல் மெஷின் மட்டும் வைத்திருப்பவர்கள் ஓரத்தை மெஷினில் மடித்துத் தைத்துவிட்டு ஹெம்மிங்கைக் கையால் போடுவதே நல்லது.

ஃபுட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பிளைண்ட் ஹெம் ஃபுட்டில் நடுவே செங்குத்தாக ஒரு தகடு நிற்கும். மடிப்பு முனை அந்தத் தகட்டை உரசிக்கொண்டே வர வேண்டும் என்பதற்காகத்தான் அது. பல ஃபுட்டுகளில் தகட்டை இடவலமாக நகர்த்த ஒரு சின்னத் திருகு இருக்கும். பிரதர் மெஷின்களில் இந்த ஃபுட் 'ஆர்' என்ற எழுத்தோடும், ஜனோமியில் 'ஜி' என்ற எழுத்தோடும் வரும். சில மாடல்களில் பெட்டியிலேயே இருக்கும், சிலவற்றுக்குத் தனியாக வாங்க வேண்டும். இந்த ஃபுட் இல்லாமல் சாதாரண ஜிக்ஜாக் ஃபுட்டிலும் தைக்க முடியும். ஆனால் மடிப்பு முனையைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போக வேண்டும், கொஞ்சம் கவனம் சிதறினாலும் தையல் ஆழமாகிவிடும். முதல்முறை செய்கிறவர் ஃபுட்டை வாங்கிவிட்டே ஆரம்பிக்கலாம்.

ஊசியும் நூலும்

தெருமுனைக் கடையில் ஊசி கேட்டால் பெரும்பாலும் 14 அல்லது 16 நம்பரைத்தான் எடுத்துத் தருவார்கள். இந்த வேலைக்கு அவை தடிமன். 11 நம்பர் கேட்டு வாங்குங்கள், பாக்கெட்டில் 75/11 என்று இருக்கும். மெல்லிய துணிக்கு 9 நம்பர். கம்பளி கலந்த கனத்த பேண்ட் துணிக்கு 12 வரை போகலாம். தடித்த ஊசி ஒரு இழையை மட்டும் எடுக்க நினைத்தாலும் பக்கத்து இழைகளையும் விலக்கிக்கொண்டு போகும், அந்தத் துளையே வெளியே புள்ளியாகத் தெரியும். முனை மழுங்கிய ஊசியும் அப்படித்தான்.

நூல் மெல்லியதாக, பாலியெஸ்டராக இருக்கட்டும். நிறம் பார்க்கும்போது ரீலைத் துணிமேல் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுற்றிய நூல் அடர்ந்து தெரியும். ஒற்றை நூலாகத் துணிமேல் விழும்போது அது வெளிறிவிடும். ஒரு முழம் நூலை உருவித் துணிமேல் போட்டுப் பாருங்கள். சரியான நிறம் கிடைக்காவிட்டால் துணியைவிடச் சற்று அடர்ந்த ஷேடை எடுங்கள். வெளிர் நூல் கண்ணில் குத்தும், அடர்ந்த நூல் நிழலோடு கலந்துவிடும். கண்ணாடி மாதிரி நிறமே இல்லாத நைலான் நூலும் கிடைக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும், வெட்டிய முனை உள்ளே தோலில் குத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு பேண்ட், ஆரம்பம் முதல்

ரெடிமேட் பேண்ட் நீளமாக இருக்கிறது, குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அடிக்கடி வரும் வேலை இதுதான்.

போடுகிறவர் வழக்கமாகப் போடும் செருப்பையோ ஷூவையோ மாட்டிக்கொண்டு நிற்க, முடிய வேண்டிய இடத்தில் சாக்கால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து பார்ப்பது நல்லது. குறித்த இடத்துக்குக் கீழே பட்டிக்காக ஒன்றரை அங்குலம் விட்டு மீதியை வெட்டுங்கள். பின்னால் இறக்க வேண்டி வரலாம் என்று தோன்றினால் இரண்டு அங்குலம் விடலாம். வெட்டிய ஓரத்தை ஓவர்லாக் செய்யுங்கள். ஓவர்லாக் மெஷின் இல்லையென்றால் ஜிக்ஜாக் போதும். ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்துத் தைப்பதும் உண்டு, ஆனால் பேண்ட் துணியில் அது மூன்றடுக்காகி, இஸ்திரி போட்டதும் அந்தத் தடிப்பு வெளிப்பக்கம் வரியாகப் பதியும். மெல்லிய பாப்ளினுக்கு அப்படி மடிக்கலாம். கனத்த துணிக்கு ஓவர்லாக்தான்.

இப்போது பேண்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். குறித்த கோட்டில் பட்டியை மடித்து நன்றாக இஸ்திரி போடுங்கள். இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. டேப்பை வைத்து நாலைந்து இடத்தில் பட்டியின் அகலத்தை அளந்து பாருங்கள். ஒரு இடத்தில் ஒன்றரை, இன்னொரு இடத்தில் ஒன்றே கால் என்று இருந்தால், அடுத்த மடிப்பில் நீட்டிக்கொண்டு நிற்கும் ஓரமும் ஏறி இறங்கும். அப்போது ஊசி ஓரிடத்தில் துணியைப் பிடிக்கும், அடுத்த இடத்தில் காற்றில் தைத்துக்கொண்டு போகும்.

கால் கீழே போகப்போகக் குறுகுகிற பேண்ட் என்றால் ஒரு சிக்கல் வரும். பட்டியை மேலே மடிக்கும்போது, குறுகலான ஓரம் அகலமான இடத்தில் போய் உட்கார வேண்டியிருக்கும், துணி இழுக்கும். அந்த இழுப்போடு தைத்தால் வெளிப்பக்கம் சுருங்கும். பட்டிக்குள் வரும் பக்கத் தையலை மட்டும் பிரித்து, ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அகலம் விட்டு மறுபடி தையுங்கள். இதற்குத் தையலுக்குள்ளே பிடித்திருக்கும் துணியில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பட்டியின் அகலத்தைக் குறைத்துக்கொள்வதுதான் வழி.

இஸ்திரி ஆனதும், காகிதத்தில் செய்த இரண்டாவது மடிப்பு. பட்டி காலுக்கு உள்ளே போகும்படி திருப்பி, ஓவர்லாக் ஓரம் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, குண்டூசி குத்துங்கள். ஊசி வரும் பாதையில் குண்டூசி இருக்கக் கூடாது, மடிப்பு முனைக்கு இடப்பக்கம் தள்ளிக் குத்தினால் எடுக்காமலே தைக்கலாம். இந்த இரண்டாவது மடிப்புக்கு இஸ்திரி வேண்டாம். இது தைக்கும் வரைக்கும்தான், அழுத்திவிட்டால் அந்த வரி போக மாட்டேன் என்னும்.

மெஷினின் முன்பக்கப் பெட்டியைக் கழற்றினால் தைக்கும் மேடை ஒரு ஒல்லியான கை மாதிரி ஆகிவிடும். பேண்ட் காலை அதில் மாட்டிவிடுங்கள். பேண்டின் மொத்தத் துணியும் இடப்பக்கம், நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் வலப்பக்கம், மடிப்பு முனை தகட்டை ஒட்டி. உள்கால் தையலுக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால், தொடங்கி முடிக்கும் இடம் கண்ணில் படாது.

பெடலை மிதிக்காதீர்கள். வலப்பக்கச் சக்கரத்தைக் கையால் உங்களை நோக்கிச் சுழற்றி, ஒரு முழு வரிசையை மெதுவாகப் பாருங்கள். நாலைந்து குத்து, நீட்டிய ஓரத்தில் விழுகிறது. அடுத்து ஊசி இடப்பக்கம் நகர்கிறது. இறங்கும்போது குனிந்து பாருங்கள்: மடிப்பு முனையின் கடைசி இழையையோ இரண்டு இழையையோ பிடித்தால் சரி. முனையைத் தொடாமல் பக்கத்தில் இறங்கினால் தகட்டை வலப்பக்கம் கொஞ்சம் திருகுங்கள், மடிப்பு ஊசிக்குக் கிட்டே வரும். ரொம்ப உள்ளே குத்தினால் தகட்டை இடப்பக்கம் கொண்டுபோங்கள், அல்லது தையல் அகலத்தைக் குறையுங்கள். திருகைக் கால் சுற்று திருப்பினாலே வித்தியாசம் தெரியும். தையல் நீளம் 2 மி.மீ. பக்கத்தில் இருக்கட்டும், தாவல்கள் ஏறக்குறைய ஒரு செ.மீ.க்கு ஒன்று விழும்.

இந்தச் சோதனையைப் பேண்டிலேயே செய்யச் சொல்லவில்லை. வெட்டி எடுத்த மிச்சத் துணி கையில் இருக்கிறதே, அதற்கும் ஓவர்லாக் போட்டு, இதேபோல் மடித்து, அரை அடி தைத்து, விரித்துப் பாருங்கள். அதே துணி, அதே கனம் என்பதால் அதில் சரியாக வந்தது பேண்டிலும் வரும். வேறு துணியில் சரிபார்த்துவிட்டு இதில் தைத்தால் மறுபடி எல்லாம் மாறும்.

தைக்கும்போது கண் ஊசியில் இருக்க வேண்டாம். ஃபுட்டுக்கு முன்னால் ஒரு அங்குலத்தில் மடிப்பு முனை தகட்டோடு ஒட்டி வருகிறதா என்று பார்த்தால் போதும். பக்கத் தையல் வரும் இடத்தில் துணி தடிக்கும், ஃபுட் ஏறி இறங்கும்போது மடிப்பு விலகும். அங்கே மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடுங்கள். முடித்ததும் இரண்டாவது மடிப்பை விரித்து, பட்டியை இழுத்து நேராக்கி, வெளிப்பக்கம் பாருங்கள்.

தெரிகிறதே, ஏன்?

முதல் தடவை விரிக்கும்போது வெளிப்பக்கம் ஒரு செ.மீ.க்கு ஒரு குழி விழுந்த மாதிரி இருக்கலாம். நூல் நிறம் பொருந்தியிருக்கிறது, தையல் ஆழமும் இல்லை, ஆனாலும் இடம் காட்டிக்கொடுக்கிறது. இதற்குக் காரணம் மேல்நூலின் டென்ஷன், அதாவது இறுக்கம். காகிதத்தில் பார்த்த இரண்டு துளைகளை நினைத்துப் பாருங்கள். துணி விரியும்போது அவை ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். நூல் இறுகியிருந்தால் விலக விடாது, அந்த இடத்தைக் கிள்ளிப் பிடித்துக்கொள்ளும். டென்ஷன் டயல் 4-இல் இருந்தால் 3-க்கும், தேவைப்பட்டால் 2-க்கும் குறைத்துப் பாருங்கள். நூல் லேசாகத் தளர்ந்திருந்தால்தான் துணி தட்டையாக விழும்.

ஓரிடத்தில் சரியாகவும் அடுத்த அங்குலத்தில் நீளக் கோடாகவும் தெரிந்தால், மடிப்பு முனை தகட்டைவிட்டு நகர்ந்திருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தாவல் பிடிக்காமல் விட்ட இடம் இரண்டு மூன்றுதான் என்றால் மெஷினுக்குத் திரும்பவே வேண்டாம், கை ஊசியால் உள்பக்கம் ஒரு பிடி போட்டுவிடுங்கள்.

பட்டியின் மேல் ஓரம் வெளிப்பக்கம் வரியாகப் பதிந்தால் அது தையலின் குறை இல்லை, இஸ்திரியின் குறை. இறுதி இஸ்திரியை உள்பக்கம் போடுங்கள், பட்டி ஓரத்துக்கும் பேண்ட் துணிக்கும் நடுவில் ஒரு காகிதப் பட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். கீழ் மடிப்பை அழுத்தலாம். மேல் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியின் எடையை இறக்க வேண்டாம், ஆவி மட்டும் பட்டால் போதும். தைத்தவுடன் சுமாராகத் தெரிந்த ஹெம்மிங் பலவும் இந்த ஆவிக்குப் பிறகு காணாமல் போய்விடும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சில துணிகளில் தெரியத்தான் செய்யும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மனம் சலிக்காது. கம்பளி, கிரேப், லினன், சொரசொரப்பான கனத்த காட்டன் ஆகியவை நூலைத் தங்களுக்குள் அமிழ்த்திக்கொள்ளும். பூப்போட்ட துணியிலும் கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்நிறத்திலும் பாதி மறைந்துவிடும். நெருங்கி நெய்த வெளிர்நிறப் பாப்ளினில் ஒரு இழையை எடுப்பதே கடினம். பளபளப்பான சாட்டினில் எவ்வளவு சின்னத் தையல் விழுந்தாலும் வெளிச்சம் அந்த இடத்தில் உடையும். ஜார்ஜெட், ஷிஃபான் மாதிரி ஊடுருவித் தெரியும் துணிகளில் உள்ளே இருக்கும் பட்டியே வெளியே தெரியும்போது தையலை மறைத்து என்ன பயன்? அவற்றுக்கு ஓரத்தைச் சுருட்டி மெல்லிசாகத் தைப்பதுதான் அழகு. ஜீன்ஸுக்கு நேர் எதிர்: தடித்த நூலில் பளிச்சென்று தெரியும் தையல்தான் அதன் லட்சணம்.

பாவாடை, புடவை ஃபால்ஸ், திரைச்சீலை

நேரான ஸ்கர்ட்டுக்கு இரண்டு, இரண்டரை அங்குலப் பட்டி நன்றாக விழும், கீழே ஒரு கனம் கிடைக்கும். விரிந்த பாவாடையில் அது நடக்காது. ஓரத்தின் சுற்றளவு, அதை மடித்து உட்கார வைக்கும் இடத்தின் சுற்றளவைவிட அதிகம் என்பதால் பட்டியில் துணி மிஞ்சும். பட்டியை ஒரு அங்குலத்துக்குள் குறைத்துக்கொண்டு, ஓரத்தில் நீளத் தையல் ஒன்று ஓட்டி, பாபின் நூலை (அடிநூலை) மெதுவாக இழுத்தால் மிச்சம் சீராகச் சுருங்கும். பிறகு ஆவி இஸ்திரி போட்டு மடித்துக்கொள்ளலாம். முழுவட்டப் பாவாடைக்கு இந்தத் தையலே வேண்டாம். அதில் துணி சாய்வு வாட்டத்தில் வந்து தொங்கத் தொங்க நீளும் என்பதால், ஓரத்தை வெட்டிச் சமன் செய்வதற்கு முன் ஒரு இரவாவது மாட்டித் தொங்கவிட வேண்டும்.

புடவை ஃபால்ஸின் மேல் ஓரத்தைப் பெரும்பாலும் கையால்தான் ஹெம்மிங் செய்கிறார்கள். அங்கேயும் இதே மடிப்பு பொருந்தும். ஃபால்ஸைப் புடவையின் கீழ் ஓரத்தில் வைத்துத் தைத்த பிறகு, ஃபால்ஸின் மேல் ஓரம் கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி புடவையைத் திருப்பி மடித்தால் பேண்டில் செய்த அதே நிலை வந்துவிடும். காட்டன், சிந்தெடிக் புடவைகளுக்குத் தாராளமாகச் செய்யலாம். ஃபால்ஸ் துணியை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் சலவையில் ஃபால்ஸ் சுருங்கி புடவையை இழுக்கும். பட்டுப் புடவைக்கு மட்டும் கையைவிட்டு மெஷினுக்குப் போக வேண்டாம் என்பேன். ஊசி பட்ட துளை பட்டில் எளிதில் மூடாது, ஒரு சின்னக் கோணல் வந்து பிரித்தால் தடம் நின்றுவிடும்.

மெஷினுக்கு மிகப் பொருத்தமான வேலை திரைச்சீலை. நீளமான நேர் ஓரம், வளைவு கிடையாது, துணி பெரும்பாலும் கனமானது. பழகுவதற்கு ஒரு ஜன்னல் திரைதான் சிறந்த இடம். இரண்டு திரை முடிக்கும்போது கை தானாக வழிக்கு வந்துவிடும்.

கடையில் வாங்கிய பேண்டும் பிரிப்பதும்

தொழிற்சாலைகளில் இதற்கென்று தனி மெஷின் உண்டு. அதன் ஊசி வளைந்திருக்கும். நம் மெஷின் போல மேலிருந்து கீழே இறங்காமல், கிடைமட்டமாக வந்து போகும். அடியிலிருந்து ஒரு சின்னச் சக்கரம் துணியை மேடாகத் தள்ளிக் கொடுக்க, அந்த மேட்டின் உச்சியை மட்டும் ஊசி உரசிக்கொண்டு போகிறது. இரண்டாவது மடிப்பின் வேலையை அந்த மேடே செய்துவிடுகிறது. பெரும்பாலான இந்த மெஷின்களில் பாபின் கிடையாது, ஒரே நூல் சங்கிலியாகப் பின்னிக்கொண்டு போகும். அதனால்தான் ரெடிமேட் பேண்டில் தொங்குகிற நூலைப் பிடித்து இழுத்தால் சில சமயம் கால் முழுக்கச் சரசரவென்று பிரிந்து வந்துவிடுகிறது. தொங்கும் நூலை இழுக்காமல் உள்பக்கம் முடிச்சுப் போட்டுவிட்டு வெட்டுங்கள்.

வீட்டு மெஷினில் தைத்தது அப்படிப் பிரியாது. மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டிருக்கும். வளரும் பிள்ளையின் பேண்டையோ ஸ்கர்ட்டையோ அடுத்த வருஷம் இறக்க வேண்டும் என்றால், உள்பக்கம் திருப்பி, இடப்பக்கம் தாவிப் பிடித்த நூல்களை மட்டும் சீம் ரிப்பரால் (தையல் பிரிக்கும் கருவி) ஒவ்வொன்றாக வெட்டுங்கள். மேல்துணியிலிருந்து பட்டி விடுபட்டுவிடும், ஓரத்தில் மிச்சமிருக்கும் நேர்த்தையலைப் பிறகு சாவகாசமாக உருவிக்கொள்ளலாம். பிடித்து இழுத்துப் பிரித்தால் மேல்துணியின் இழையும் கூடவே வரும். பழைய மடிப்பு வரி நின்றால், வெள்ளை வினிகரில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, வரியின்மேல் வைத்து இஸ்திரி போடுங்கள். சாயம் போகிறதா என்று பட்டியின் உள்ளே ஒரு மூலையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்து நிறம் மங்கிய வரி எதற்கும் போகாது. அப்படி இருந்தால், அந்த வரியிலேயே மெல்லிசாக ஒரு டக் (துணியை மடித்துத் தைக்கும் சின்ன மடிப்பு) பிடித்து மறைக்கலாம், அதற்காக இறக்கும்போது அரை அங்குலம் கூடுதலாக இறக்கிக்கொள்ள வேண்டும்.